டுடோரியலுக்குக் கார்டு மெஷின் வந்த வருடம்

குமாரபாளையத்தில் நான் மாலை நேரங்களில் பாடம் நடத்திய டுடோரியலுக்குக் கார்டு மெஷின் வந்து சேர்ந்தது 1987 ஆனி மாதத்து ஒரு புதன்கிழமை. கிழமையில் எனக்குச் சந்தேகமில்லை. அன்று எங்கள் தெருவுக்கு மின்வெட்டு. தறிகள் நின்றிருந்தன. அதனால்தான் பிரின்சிபால் மாடிப்படி ஏறிக்கொண்டே பேசியது முழுவதும் என் காதில் விழுந்தது. மற்ற நாட்களில் அவருடைய வாயசைவைப் பார்த்துப் பாதியை நாங்களே ஊகித்துக்கொள்வோம்.

பிரின்சிபால் எந்தக் கல்லூரிக்கும் பிரின்சிபாலாக இருந்தவர் அல்ல. டுடோரியலின் உரிமையாளர் அவர்தான், தட்டச்சு வகுப்பும் அவர்தான், கணக்கு வாத்தியாரும் அவர்தான். அவருடைய மனைவி உட்பட ஊரே அவரைப் பிரின்சிபால் என்றுதான் அழைத்தது. டுடோரியல் இருந்தது ஒரு சாயக்கடையின் மாடியில். பத்தாம் வகுப்பில் தவறியவர்கள், பிளஸ் டூவில் தவறியவர்கள், தபால் வழியில் பி.காம். படிப்பவர்கள் என்று மூன்று பெஞ்சு வரிசை. பகலில் ஒரு நூல் மண்டியில் கணக்கு எழுதிவந்த நான், சாயங்காலம் பி.காம். வரிசைக்குக் கணக்குப் பதிவியல் சொல்லிக்கொடுத்தேன்.

மெஷின் வந்த கதையை அன்றே பிரின்சிபால் விளக்கினார். பல்கலைக்கழகத்துக்கு டிராப்ட் எடுக்கச் சேலத்துக்குப் போயிருக்கிறார். பேங்கில் புதிதாக வந்திருந்த மேலாளர் அவரைக் கண்ணாடி அறைக்குள் அழைத்து உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். பேங்க் அப்போது கிரெடிட் கார்டு என்ற ஒன்றை ஆரம்பித்திருந்தது. கார்டை ஏற்றுக்கொள்ளும் கடைகளைப் பிடித்துத் தரும்படி மேலாளருக்குத் தலைமை அலுவலகத்தின் நெருக்கடி. சேலத்து நகைக்கடைக்காரர்களும் ஜவுளிக்கடைக்காரர்களும் பேங்க் பிடித்துக்கொள்ளும் கமிஷனைக் கேட்டதுமே கும்பிடு போட்டுவிட்டார்களாம். யாராவது ஒருவர் வேண்டியிருந்தது. டிராப்ட் எடுக்க வந்த எங்கள் பிரின்சிபால் அகப்பட்டார். விண்ணப்பத்தில் வியாபாரத்தின் தன்மை என்ற இடத்தில் 'கல்வி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டிராப்டை வாங்க மறந்து திரும்பிவிட்டார்.

மெஷின் பார்ப்பதற்கு ஒரு தட்டையான இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கும். கார்டை அதன் மேல் வைத்து, கார்பன் வைத்த மூன்று தாள் கொண்ட சீட்டை அதற்கு மேல் வைத்து, கைப்பிடியை வலதுபுறம் ஓர் இழுப்பு, இடதுபுறம் ஓர் இழுப்பு. கார்டில் மேடாக எழும்பியிருக்கும் பெயரும் எண்ணும் தாளில் பதிந்துவிடும். பிறகு கார்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தாள் அவருக்கு, ஒன்று நமக்கு, ஒன்று பேங்குக்கு. பேங்க் தாளைச் சேலத்துக்கு அனுப்பினால் கமிஷன் போக மீதி நம் கணக்கில் ஏறும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் இழுத்துப் பழகுவதற்குக்கூட எங்களிடம் கார்டு இல்லை. மேடான எழுத்துள்ள வேறு ஏதாவது வேண்டுமே என்று பிரின்சிபால் தெருவெல்லாம் விசாரித்து, கடைசியில் ஒரு லாரி டிரைவரின் பித்தளை பேட்ஜை இரவல் வாங்கி வந்தார். அதை வைத்து இழுத்ததில் டிரைவரின் எண் மூன்று தாளிலும் அருமையாகப் பதிந்தது. அந்தச் சீட்டை அவர் கிழித்துப் போடவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டுத் தட்டச்சு அறையில் மாட்டினார்.

மெஷின் வந்துவிட்டால் கார்டு வைத்திருப்பவர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. பெட்ரோல் பங்க் திறந்த ஊருக்கு வண்டிகள் வரவில்லையா என்று என்னைக் கேட்டார். 'இங்கு கார்டு மூலம் பீஸ் கட்டலாம்' என்று சிவப்பு பெயிண்டில் பலகையும் எழுதி மாட்டினார். எங்கள் மாணவர்கள் பெரும்பாலும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். சனிக்கிழமை கூலி வாங்கி ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும் குடும்பங்கள். பலகையைப் பார்த்துவிட்டு ஒரு மாணவனின் அப்பா மாடியேறி வந்து, கார்டு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். பேங்கில் பணம் போட்டு வைத்திருப்பவர்களுக்குக் கொடுப்பார்கள் என்றார் பிரின்சிபால். "பேங்குல போட்டு வெக்கற அளவுக்குப் பணம் இருந்தா நான் எதுக்குங்க உங்களுக்குப் பாக்கி வெக்கறேன்?" என்று கேட்டுவிட்டு அவர் மரியாதையாகவே இறங்கிப் போனார்.

பி.காம். வரிசையில் ஒரு பெண் இருந்தாள். திருச்செங்கோட்டுச் சாலையில் ஒரு கிராமம். அவளுடைய அப்பா ரிக்காரர், அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளின் சொந்தக்காரர். அவருடைய வண்டிகள் ஆந்திரத்திலும் ராஜஸ்தானத்திலும் தரையைத் துளைத்துக்கொண்டிருந்தன. பெண் முதல் வருடம் எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தாள். நான் கொடுக்கும் இருப்பாய்வுக் கணக்கு அவளுக்கு முதல் முறையிலேயே இரு பக்கமும் நேராகிவிடும். எனக்கே அப்படி ஆவதில்லை.

அந்த வருடம் முதல் வருடத்தோடு அவள் படிப்பு நிற்க இருந்தது. ஆனி முடிவதற்குள் ரிக்காரர் மாடியேறி வந்தார். கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை. மகள் வாசலோரம் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மிணி பேரை எடுத்துருங்க சார்" என்றார் பிரின்சிபாலிடம். "ஒரு வருசம் படிச்சது போதுங்க. ஆடி கழிஞ்சதும் எடம் பாக்கோணும்."

அவளுடைய மார்க்கைப் பற்றி நான் எடுத்துச் சொன்னேன். மார்க் நல்லதுதான், ஆனால் அதைக் கொண்டுபோய்ப் போர்க்குழியில் போட்டால் தண்ணீரா வரும் என்று கேட்டார். பிரின்சிபால் வருகைப் பதிவேட்டை எடுப்பதற்காக மேஜைமேல் இருந்த மெஷினை ஓரமாக நகர்த்தினார். ரிக்காரர் அதைப் பார்த்தார்.

"அது என்னுங்க?"

பிரின்சிபால் சொன்னார். ரிக்காரர் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உறைக்குள் கார்டு இருந்தது. அதன் மூலையில் ஆயுத பூஜைக்கு வைத்த மஞ்சள் பொட்டு.

நிஜாமாபாத் பக்கம் ஒரு பேங்க் மேலாளரின் புது வீட்டில், வேறு ஆட்கள் துளைத்துத் தோற்ற இடத்தில் இவருடைய வண்டி தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் மேலாளர் கணக்கு ஆரம்பித்து இந்தக் கார்டையும் கொடுத்தாராம். எங்களுக்கு மெஷின் கொடுத்த அதே பேங்கின் ஆந்திரக் கிளைதான் அது. ஊருக்குக் கொண்டு வந்த பிறகுதான் இவருக்குக் கஷ்டம். கார்டை வாங்கிக்கொள்ள ஆளில்லை. பெட்ரோல் பங்கில் சிரித்தார்கள். மேச்சேரி ஆடு வாங்கப் போன சந்தையில் இதை நீட்டியபோது, ஆட்டுக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆட்டுக் காதில் மாட்டுகிற வில்லையா என்று கேட்டிருக்கிறார். பங்காளிகள் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு வருடமாக அவர் அதைச் சட்டைப் பையில் சும்மா சுமந்துகொண்டிருந்தார்.

பிரின்சிபால் மெஷினை மேஜையின் நடுவுக்கு இழுத்தார். கார்டை வைத்தார், சீட்டை வைத்தார், அடுத்த மாதப் பீஸை எழுதி இழுத்தார். ரிக்காரர் கிரயப் பத்திரத்தில் போடுவதைப் போல ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். அவருடைய தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தன் பெயரைப் படித்தார்.

"இன்னொருக்கா இழுக்கலாங்களா?"

அதற்கு இன்னொரு மாதப் பீஸ் கட்ட வேண்டும் என்றார் பிரின்சிபால். கட்டினார். மூன்றாவது மாதத்துக்கும் தயாரானபோது நான்தான் குறுக்கிட்டேன். எல்லாவற்றையும் இன்றைக்கே இழுத்துவிட்டால் அப்புறம் இழுப்பதற்கு ஒன்றும் இருக்காது என்று சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்துக் கார்டை உறையில் போட்டார். படியிறங்கும்போது மகளைப் பார்த்து, "நாளைக்குக் கிளாசுக்கு நேரத்துல வந்துரு சாமி" என்றார். பேரை எடுக்கும் பேச்சை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

அதன் பிறகு அவர் அடிக்கடி வந்தார். அவருக்கு வசதியாகப் பிரின்சிபால் பீஸைத் துண்டு துண்டாக்கினார். பாடத்துக்குத் தனி, மாதிரித் தேர்வுக்குத் தனி, நூலகத்துக்குத் தனி. நூலகம் என்பது நான் படித்துவிட்டுக் கொண்டுவந்து அடுக்கிய பழைய மாத இதழ்களும், அட்டை போன ஒரு மாவட்ட விவர நூலும். மின்விசிறிக்குக்கூட ஒரு துண்டு இருந்தது. ரிக்காரர் எதையும் பேரம் பேசவில்லை. அவர் இதற்கு 'இஸ்திரி போடறது' என்று பெயர் வைத்திருந்தார். ஆட்டுக் காது வில்லை என்று சிரித்த பங்காளிகளை ஒவ்வொருவராக அழைத்து வந்து, எதிரில் உட்காரவைத்து இஸ்திரி போட்டார். அவர்கள் போன பிறகு அவருடைய முகம் தெளிந்திருக்கும்.

வீட்டில் ஒரே ஒரு சிக்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் செவ்வாய், வெள்ளியில் வீட்டுப் பணத்தை வெளியே கொடுக்க மாட்டார்கள். விளக்கு வைத்த பிறகு எந்தக் கிழமையிலும் கொடுக்க மாட்டார்கள். ரிக்காரர் வந்ததோ வெள்ளிக்கிழமைகளில், அதுவும் விளக்கு வைத்த பிறகு. அவருடைய மனைவி சண்டை பிடித்திருக்கிறார். ரிக்காரர் பையிலிருந்து கார்டை எடுத்துக் காட்டி, கொண்டுபோனது அப்படியே திரும்பி வந்துவிட்டதே, எது வெளியே போயிற்று என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் கார்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சரிதான் என்று ஒப்புக்கொண்டாராம். இதை மகள் என்னிடம் சொல்லிவிட்டு, இந்தப் பதிவை எந்தப் பக்கத்தில் எழுதுவது சார் என்று கேட்டாள்.

நிலைமை இன்னதென்று எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் ரிக்காரர் வாயாலேயே சொன்னார்: "இந்த மெஷின் இங்க இருக்கறவரைக்கும் அம்மிணி படிக்கட்டுங்க." ஆக, மெஷின் போனால் அவள் படிப்பும் போகும். அவள் தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, மெஷினைத் துடைத்து, கைப்பிடி ஓடும் தண்டவாளத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவாள்.

ஆடி மூன்றாவது வெள்ளிக்கிழமை பேங்கிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஆத்தூர்க்காரர், இளைஞர், ரெக்சின் பை. தறிச் சத்தத்துக்குப் பழகாதவர். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொன்னார். மெஷின் கொடுத்த நாளிலிருந்து எங்கள் டுடோரியல் அனுப்பிய சீட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே கார்டின் எண்தான் இருந்ததாம். ஓர் ஆள், ஓர் இடத்தில், சின்னச் சின்னத் தொகையாக, ஒரே நாளில் நாலைந்து முறை. தலைமை அலுவலகத்தில் இதை மோசடி என்று முடிவு கட்டிவிட்டார்கள். என்ன மோசடி என்றுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை. விசாரித்துவிட்டு மெஷினைத் திரும்பக் கொண்டுவரும்படி அதிகாரிக்கு உத்தரவு.

வெள்ளிக்கிழமை ஆனதால் கொஞ்ச நேரத்தில் ரிக்காரரே வந்துவிட்டார். இத்தனை முறை கார்டை உபயோகிக்க என்ன காரணம் என்று அதிகாரி கேட்டார்.

"ஆசைங்க" என்றார் ரிக்காரர்.

அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டு மூடினார். அறிக்கையில் இதை எந்த இடத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மெஷினின் கைப்பிடியைக் கயிற்றால் கட்ட ஆரம்பித்தார். பி.காம். பெஞ்சில் எழுதுவது நின்றது. கீழே சாயக்கடையில் விளக்கு வைத்து மணி அடித்தார்கள்.

"ஏனுங்க" என்றார் ரிக்காரர். "ஆடி வெள்ளியும் அதுவுமா, வெளக்கு வெச்சதுக்கப்பறம், பணம் வர்ற சாமான ஒரு எடத்துல இருந்து தூக்கிட்டுப் போறீங்களே. உங்க ஊட்டுல செய்வீங்களா?"

மனைவியிடம் இவர் பேசிய நியாயத்தோடு இது ஒட்டவில்லை என்பதை நான் கவனித்தேன். சொல்லவில்லை. அதிகாரி கயிற்றை அவிழ்த்துவிட்டார். பவானியில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை காலையில் பாலம் தாண்டி வந்தார். ரிக்காரர் அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை யாராவது இரும்பு கொண்டுபோவார்களா என்று கேட்டார். அதிகாரி மெஷினைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டி, பாதிக்கு மேல் பிளாஸ்டிக் சார் என்றார்.

"அப்பப் பிளாஸ்டிக்க மட்டும் கழட்டிக் கொண்டு போங்க."

திருப்புளி தேடினார்கள். டுடோரியலில் இல்லை. அதிகாரி சேலம் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பேங்க் கிடையாது. திங்கட்கிழமை வந்தபோது டுடோரியல் பூட்டியிருந்தது. ஊரே பூட்டியிருந்தது. அன்று ஆடிப் பதினெட்டு. விசாரித்துக்கொண்டு காவிரிக்கரைக்கு வந்து எங்களைக் கண்டுபிடித்தார். அந்த வருடம் மழையில்லை, ஆற்றில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் ஓடியது. ஊர் முழுக்க மணலில் உட்கார்ந்து சித்திரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதிகாரிக்கும் ஓர் இலை போட்டார்கள். ரிக்காரர் ஆற்றைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துச் சாப்பிட்டார். தண்ணீர் இல்லாத வருடம் அவர் தொழிலுக்கு நல்ல வருடம், அதைக் காவிரிக்கரையில் உட்கார்ந்து எப்படி ஒத்துக்கொள்வது. மெஷின் எங்கே என்று அதிகாரி கேட்டதற்கு, பிரின்சிபாலின் மனைவி, தான் அதை வீட்டில் பூஜையில் வைத்திருப்பதாகவும், இன்று எடுக்கக் கூடாது என்றும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. நூல் மண்டிக்குச் சேலத்திலிருந்து டிரங்க் கால் போட்டு என்னிடம் பேசினார். செவ்வாயும் வெள்ளி மாதிரிதான் என்று ஆத்தூரிலிருந்து அவருடைய அம்மா சொல்லிவிட்டாராம்.

புதன்கிழமைக்கு ஒரு தடையும் இல்லை. எனக்குத் தெரிந்து எதுவும் கிடையாது. ரிக்காரருக்கும் அகப்படவில்லை. நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து இரண்டு பக்கமும் படித்தார். பின்பக்கத்தில் சீரகத் தண்ணீரின் நன்மைகள்தான் இருந்தன. ராகு காலம் முடியட்டும் என்று அதிகாரியே சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். அது முடிந்ததும் எழுந்து, யாரையும் பார்க்காமல் மெஷினைத் தூக்கி ரெக்சின் பைக்குள் இறக்கினார்.

அன்று பெண் பகலிலேயே வந்திருந்தாள். வாசலோரம் நின்றவள் முன்னால் வந்தாள்.

"சார், ஒரே கார்டா இருக்கறதுதானுங்களே குத்தம்? ரெண்டு கார்டு இருந்தா?"

"ரெண்டு இருந்தா தாராளமா எழுதலாம்மா" என்றார் அதிகாரி. "வாடிக்கையாளர் எண்ணிக்கை ரெட்டிப்பாயிடுச்சுன்னே எழுதலாம்."

"கார்டு வெச்சிருக்கறவிங்க குடும்பத்துல இன்னொருத்தருக்கும் குடுப்போம்னு உங்க தாள்ல போட்டிருக்குதுங்க. எங்கப்பா ஊட்டுல வெச்சிருக்கறாரு, படிச்சேன்."

அதிகாரி பைக்குள் கைவிட்டார். மெஷினுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த விண்ணப்பங்களை எடுப்பதற்காக மெஷினை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார். அது வைத்த இடத்திலேயே இருந்துவிட்டது. ரிக்காரர் மகளையும் விண்ணப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பொம்பளைப் பிள்ளைக்குக் கார்டா என்பது முகத்தில் இருந்தது. ஆனால் அவர் கேட்டது வேறு.

"அதையும் இங்கயே இஸ்திரி போடலாங்களா?"

போடலாம் என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்றக் கட்டங்களை எல்லாம் மகளே நிரப்பினாள்.

கார்டு ஆவணிக் கடைசியில் வந்தது. அதை நேரில் கொடுத்து அறிக்கையை முடிப்பதற்காக அதிகாரியே ரிக்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதே நாளில் அங்கே பெண் பார்க்க ராசிபுரத்துப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். பிரின்சிபாலையும் என்னையும் மெஷினோடு வரச்சொல்லி ரிக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். வந்தவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். பஜ்ஜித் தட்டுக்கும் பூத்தட்டுக்கும் நடுவில் மெஷின் உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை விசைத்தறிக் கொட்டகை வைத்திருந்தவர். அதிகம் பேசாதவர். அவருக்குப் பதிலாக மாமா பேசினார். பெண்ணைப் பிடித்துவிட்டது, தை மாதத்தில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

ரிக்காரர் புதுக் கார்டைக் கையில் வைத்து எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அதில் மகளின் பெயருக்கு முன்னால் அவருடைய இனிஷியல் மேடாக எழும்பியிருந்தது. திடீரென்று அதிகாரியிடம் திரும்பி, கல்யாணம் ஆனால் புருஷனின் இனிஷியல்தானே போடுவார்கள், அப்போது இந்தக் கார்டு என்ன ஆகும் என்று கேட்டார்.

"அது செல்லாது சார். பேர் மாறிட்டா திருப்பிக் குடுத்துடணும். மாப்பிள்ளை ஒரு கார்டு வாங்கி, அதுல அவரு எழுதிக் குடுத்தா புதுசு வரும்."

"தம்பி, உங்ககிட்டக் கார்டு இருக்குதுங்களா?"

மாப்பிள்ளை இல்லையென்று தலையாட்டினார். ரிக்காரர் கார்டின் கீழ்வரியை மாமாவிடம் நீட்டினார். அடுத்த ஆண்டையும் தாண்டி 89 ஆகஸ்ட் வரைக்கும் செல்லும் என்று அதில் பதிந்திருந்தது.

"தேதி போட்டுக் குடுத்திருக்கறாங்க. தேதி இருக்கறப்பவே ஒரு சாமான வீணாக்கறது எங்கூட்டுல வழக்கம் இல்லீங்க."

மாமா பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தார். "மருந்து பாட்டல் மாதிரி தேதி பாத்துத்தான் பொண்ணக் குடுப்பீங்களா?"

"மருந்து தேதிக்குள்ள குடுக்கறது. நான் தேதி முடிஞ்சுதானுங்க குடுப்பேன்."

உள்ளே ஒரு டம்ளர் விழுந்தது. கதவோரம் நின்றிருந்த பெண்ணின் முகம் எனக்குத் தெரிந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் கணக்கு நேராகும்போது அவளுக்கு வருகிற முகம் அது. பி.காம். கடைசித் தேர்வு 89 மே மாதம். பதினைந்து நாள் முன்பின் ஆனாலும் ஆகஸ்டுக்குள் முடிந்துவிடும். கார்டில் தேதி எத்தனை வருடத்துக்குப் போடுவார்கள் என்பதும் அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டும். இதை அவளிடம் நான் கேட்கவே இல்லை.

மாமா கோபமாக எழுந்தார், மற்றவர்களும் எழுந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் எழவில்லை. அவர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் செருப்பைத் தேடினார்.

அடுத்த இரண்டு வருடமும் அவள் தன் பீஸைத் தன் கார்டிலேயே கட்டினாள். ரிக்காரர் கூட வந்து எதிரில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குக் கை துறுதுறுத்தால் பிரின்சிபால் மின்விசிறித் துண்டை அவருக்கு விட்டுக்கொடுப்பார். அதிகாரி காலாண்டுக்கு ஒருமுறை வந்து இரண்டு எண்ணையும் சரிபார்த்து, திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்தது வந்தாயிற்று என்று பவானிக்குப் போய் ஆறு கூடும் துறையில் குளித்துவிட்டுச் செல்வார். அந்த இரண்டு வருடத்தில் மூன்றாவதாக ஒரு கார்டு மெஷினில் வைக்கப்படவில்லை. 89-இல் அவள் தேறினாள். எங்கள் டுடோரியலில் பெண்களில் முதல் பி.காம். அவள்தான்.

கல்யாணம் அந்த வருடம் ஆவணிக் கடைசியில் நடந்தது. ஆகஸ்ட் முடிந்து, தேதி சுத்தமாகக் காலாவதியாகிவிட்டது என்று ரிக்காரர் அதிகாரியிடம் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு. மாப்பிள்ளை அதே விசைத்தறிக்காரர்தான். மாமா எத்தனையோ இடம் காட்டியும் அவர் அசையவில்லையாம். காரணம் கேட்டால் சொல்ல மாட்டாராம். சீர்த்தட்டில் தேங்காய்க்கும் மஞ்சளுக்கும் நடுவில் செல்லாத கார்டை வைத்திருந்தார்கள். பிரின்சிபால் மரியாதைக்காக மெஷினைத் தூக்கி வந்து மொய் எழுதும் மேஜையில் வைத்தார். அதற்கும் யாரோ சந்தனம் தெளித்துவிட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் ரொக்கம்தான் எழுதினார்கள்.

விருந்தெல்லாம் முடிந்து, ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அவள் கணவரோடு மாடியேறி வந்தாள். பின்னாலேயே ரிக்காரரும் வந்து தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். தபால் வழியில் எம்.காம். சேரவேண்டும், பாடம் நடத்த முடியுமா என்று அவள் என்னைக் கேட்டாள். எம்.காம். பாடத்தை நானே அப்போதுதான் படிக்க ஆரம்பித்திருந்தேன். முடியும் என்றேன்.

கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன்பே வாங்கி, தேதி முடிந்ததும் புதுப்பித்தும் விட்டாராம். அதுவரை எந்தக் கடையிலும் நீட்டிப் பார்க்கவில்லையாம். பிரின்சிபால் சீட்டு வைத்து, கைப்பிடியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அவர் வலதுபுறம் இழுத்தார், இடதுபுறம் இழுத்தார். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தன் பெயரைப் படித்தார். அன்றைக்கு முழுவதும் அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான்.

"அடுத்த மாசத்துக்கும் இப்பவே இழுத்துரலாங்களா?"

"வேண்டாங்க" என்றாள் அவள். "எல்லாத்தையும் இன்னைக்கே இழுத்துட்டா, அப்பறம் இழுக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."

ரிக்காரர் நாற்காலியில் இருந்தபடியே ஆமோதித்துத் தலையாட்டினார்.